கோனி தீவுக்குப் போகுமுன்: தண்ணீர், மணல் ஈ, மாலை ஏழு மணி

சிராங்கூன் ரோட்டைத் தெரியாத தமிழர் சிங்கப்பூரில் இல்லை. அதே பெயருள்ள ஆற்றின் முகத்துவாரத்தில் கோனி தீவு இருப்பதும், மலாயில் அதற்கும் புலாவ் சிராங்கூன் என்றே பெயர் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. 1950இல் குலாம் மஹ்மூத் என்ற இந்திய வணிகர் இதை வாங்கி, நியூயார்க்கின் கோனி ஐலண்டைப் போலக் கேளிக்கைத் தீவாக்க நினைத்தார். திட்டம் கைகூடவில்லை; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ராட்டினம் வராமல் போனதும் நல்லதற்கே. 2015 அக்டோபரில் தேசியப் பூங்காக் கழகம் இதைப் பூங்காவாகத் திறந்தது. சாய்ந்த சவுக்கு மரங்களை அறுத்தே பெஞ்சுகளும் வழிகாட்டிப் பலகைகளும் செய்தார்கள்.

மேற்குக் கதவிலிருந்து கிழக்குக் கதவுவரை சுமார் இரண்டரை கிலோமீட்டர். சைக்கிளில் வருபவர்கள் கால் மணி நேரத்தில் கடந்துவிட்டு, "ஒன்றுமே இல்லையே" என்கிறார்கள். நடந்து போனால்தான் தூக்கணாங்குருவி கண்ணில் படும். கிளையில் தலைக்கவசம் கவிழ்த்ததுபோலப் பாதிக்கூடு தொங்கினால் அங்கேயே நில்லுங்கள். ஆண்குருவி புல்லை நார்நாராகக் கிழித்து வந்து அதுவரை பின்னி வைத்திருக்கும். பெட்டை வந்து பார்த்துப் பிடித்துப்போனால்தான் கீழ்நோக்கிய குழாய் வாசல் கட்டப்படும். பிடிக்காவிட்டால் கூடு அரைகுறையாகவே நின்றுவிடும். குருவியின் அறிவுரையைக் கேட்டுக் கோபப்பட்ட கதைக் குரங்கின் உறவினர்களும் இங்கே உண்டு. அவற்றுக்கு முறுக்கு நீட்டிவிடாதீர்கள். வனவிலங்குக்குத் தீனி போடுவது குற்றம். முதல்முறை பிடிபட்டாலே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். சலசலக்கும் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வையுங்கள்.

உல்லாசப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மணல் ஈதான். கொசுவைவிடச் சிறியது, கடித்த பிறகே தெரியும். ஈர மணலிலும் சேற்றிலும் பெருகுவதால் கடற்கரைப் பக்கம் தொல்லை அதிகம். அதிகாலையும் அந்தியும் அதன் வேளை. துணியைத் துளைத்துக் கடிக்காது என்பதால் முழுக்கைச் சட்டை, நீள்காற்சட்டை, காலுறை போதும். வெயில் களிம்பை முதலில் பூசி, அது ஊறியபின் பூச்சிவிரட்டியைப் பூசவேண்டும். மாற்றிப் பூசினால் விரட்டி அடியில் மறைந்து பயன் குறையும். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டி பிளாஸ்டிக் கண்ணாடிச் சட்டத்தையும் கைக்கடிகாரப் பட்டையையும் அரிக்கும், விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைச் சொறிந்தால் நாள்கணக்கில் அரிக்கும், புண்ணாகவும் செய்யும்.

குடிநீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டராவது கொண்டுபோங்கள், போய்த் திரும்புவதென்றால் ஒன்றரை. கழிவறை ஒன்றே, நுழையும்போதே அது எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். விளக்கும் இல்லை. காலை 7 முதல் மாலை 7 வரைதான் திறப்பு. சூரியன் மறைவதும் ஏறக்குறைய அப்போதுதான். சவுக்கங்காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். ஆகவே ஐந்தரைக்குமேல் உள்ளே நுழையவேண்டாம்.

தீவுக்கு அருகிலுள்ள பொங்கோல் முனைக்கு 84ஆம் எண் பேருந்து போகும். அங்கிருந்து மேற்குக் கதவுக்கு நடை. கிழக்குக் கதவை ஒட்டிப் பேருந்து நிறுத்தம் இல்லை என்பதைப் பலர் அங்கே போய்ச் சேர்ந்தபின்தான் தெரிந்துகொள்கிறார்கள். தெம்பிருந்தால் அப்படியே லோரோங் ஹலுஸ் ஈரநிலத்துக்கு நடக்கலாம். 1999வரை குப்பைமேடாக இருந்த இடம். மண்ணுக்குள்ளிருந்து கசியும் கழிவுநீரை நாணல் படுகைகள் வடிகட்டுகின்றன. அங்குள்ள சிவப்புப் பாலத்தைத் தாண்டினால் மறுபடி பொங்கோல்.