பழைய நம்பர் பிளேட்டைச் சுரண்டும் முன்

ஐம்பது அறுபது வருடத்து நம்பர் பிளேட் பெரும்பாலும் துருவால் பாழாவதில்லை. பழுதுபார்க்க உட்காரும் முதல் அரை மணி நேரத்தில்தான் பாழாகிறது. கையில் உப்புத்தாளை எடுத்து, உலர்ந்த பெயிண்டின் மேல் அரக்கப் பரக்கத் தேய்த்து, வெள்ளைத் தகரம் தெரிந்ததும் நிம்மதி அடைகிறோம். அதற்குள் இரண்டு நட்டம் நடந்துவிடுகிறது. எழுத்து எழுதிய கையின் அளவும் இடைவெளியும் போய்விட்டன. கூடவே, ஈயம் கலந்த தூசி மூக்கிலும் துணியிலும் வீட்டுத் தரையிலும் படிந்துவிட்டது.

ஈயத்தை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காலத்து வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டுகளில் ஈயக் கலவைகள் சாதாரணமாக இருந்தன. தகரத்தின் மேல் முதல் கோட்டாக அடித்த ஆரஞ்சு நிற ‘ரெட் லெட்’ முழுக்க முழுக்க ஈய ஆக்சைடு. இன்றைய செங்காவி நிற ரெட் ஆக்சைடு வேறு, அது இரும்பு ஆக்சைடு. இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தப் பழைய பெயிண்டையும் ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதுதான் பத்திரம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையைத்தான் அது அதிகம் தாக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், வேலை செய்த லுங்கியோடு கூடத்துக்குள் வந்தாலே தூசியும் கூடவே வரும்.

ஆகவே மூன்று காரியம் கூடவே கூடாது. உலர்ந்த நிலையில் தேய்ப்பது. டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டிச் சுற்றுவது. கேஸ் விளக்குச் சுடரால் பெயிண்டைக் கொப்புளிக்க வைத்துச் சுரண்டுவது. கடைசியாகச் சொன்னது நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் சகஜம். ஈயம் புகையாகி நேரே நுரையீரலுக்குப் போகும் வழி அதுதான்.

முதலில் பதிவு, பிறகு வேலை

பிளேட்டைக் கழற்றியதும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். பிறகு இருட்டறையில் டார்ச்சைத் தகட்டின் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு மறைந்துபோன எழுத்தின் விளிம்பு நிழலாக எழுந்து நிற்கும். பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும், எழுத்து இருந்த இடத்துத் தகரம் சுற்றுப்புறத்தைவிடக் குறைவாக அரித்திருக்கும். ‘எம்.எஸ்.ஒய்.’, ‘டி.எம்.எக்ஸ்.’ என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்து நம்பர்களில் நடு எழுத்து அழிந்த பிளேட்டைக்கூட இப்படிப் படித்துவிடலாம். தெரிந்ததை அங்கேயே பட்டர் பேப்பர் வைத்துப் பென்சிலால் பிரதி எடுங்கள். எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன், இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளி மூன்றையும் மி.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘ஜன்னல்’ திறப்பது. பிளேட்டின் ஒரு மூலையில், எழுத்து இல்லாத இடத்தில், 400 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, சோப்புத் தண்ணீரில் முக்கி, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு ரூபாய்க் காசு அளவு போதும், அவசரம் வேண்டாம். நடுவில் தகரம் தெரியும்போது, அதைச் சுற்றி மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். வெளியே பளபளக்கும் புது எனாமல் கறுப்பு, அடுத்துச் சாம்பல் நிறப் பிரைமர், அதற்குள் மங்கிய பழைய கறுப்பு, கடைசியில் தகரத்தை ஒட்டி மெல்லிய ஆரஞ்சு வளையம். அந்த ஆரஞ்சுதான் ரெட் லெட். எத்தனை முறை மேலே பூசியிருக்கிறார்கள், முதல் நிறம் எது, ஈயம் எங்கே இருக்கிறது, மூன்றுக்கும் விடை இந்தக் காசளவு இடத்தில் கிடைத்துவிடும்.

அடுக்குகளைத் துச்சமாக நினைக்காதீர்கள். 1957இல் இலங்கையில் வாகன எண்களில் சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’ வந்தபோது, தமிழர் பகுதிகளில் அதைத் தமிழ் ‘ஸ்ரீ’யாக மாற்றி எழுதி எதிர்ப்புக் காட்டினார்கள். 1958இல் அந்த ஓரெழுத்தே பெரிய கொந்தளிப்பில் பங்குபெற்றது. அந்தக் காலத்து பிளேட் ஒன்று கைக்கு வந்து, மேல் பூச்சுக்கு அடியில் வேறு எழுத்தின் வரி தெரிந்தால், சுரண்டும் கையை நிறுத்துங்கள். அதைப் புதுப்பிக்கக் கூடாது, அப்படியே காக்க வேண்டும்.

பழைய பூச்சு முக்கால்வாசி இருக்கிறது, எழுத்து படிக்க முடிகிறது என்றால் பெயிண்டே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பஞ்சால் ஓரத்தில் சோதித்துப் பார்த்து, நிறம் பஞ்சில் வராவிட்டால் மட்டும் முழுதும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நிறமில்லாத மெழுகுப் பாலிஷ் போடுங்கள். கைப்பட எழுதிய அசல் எழுத்துக்கு ஈடாகப் புது எழுத்து எதுவும் வராது.

தகரமா, அலுமினியமா?

பெயிண்டை எடுப்பதென்று முடிவானால், காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இதைப் பார்க்காமல் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுகிறவர்கள் உண்டு. இரும்புக்கு அது பெயிண்டை மட்டும் உரிக்கும். அலுமினியத்தையோ கொதித்துப் பொங்கி ஹைட்ரஜன் வாயு கிளம்ப அரித்துத் தின்னும். வார்ப்பு அலுமினிய எழுத்தை ரிவெட் அடித்த தகர பிளேட்டில் இரண்டு உலோகமும் இருப்பதால், எழுத்தைக் கழற்றாமல் எந்த ரசாயனத்திலும் போடக் கூடாது.

ரிவெட்டைப் பின்பக்கத்திலிருந்துதான் துளைக்க வேண்டும், அதன் தண்டைவிட அரை மி.மீ. சிறிய டிரில் பிட்டால். முன்பக்கம் துளைத்தால் எழுத்தின் முகத்தில் வடு விழும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால், இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் உரசி அரித்ததின் அடையாளம். திரும்ப மாட்டும்போது நடுவில் மெல்லிய நைலான் வாஷர் வைத்தால் அந்த அரிப்பு நின்றுவிடும்.

கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவர் பலவற்றில் டைகுளோரோமீத்தேன் இருக்கிறது. வேகமாக வேலை செய்யும். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவியை முகர்ந்தால் மயக்கம் வரும், உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். சாதாரண ரப்பர் கையுறை அதைச் சில நிமிடமே தாங்கும். இந்தக் காரணங்களால் அமெரிக்காவில் 2019இலேயே பொதுமக்களுக்கு விற்கும் ரிமூவரில் அதைத் தடை செய்தார்கள். நம்பர் பிளேட் சின்னப் பொருள், அதற்கு இவ்வளவு ஆபத்து தேவையே இல்லை. 180, பிறகு 320 வாட்டர் பேப்பரில், தண்ணீர் வற்றாமல் நனைத்து நனைத்துத் தேய்த்தாலே ஒரு பிற்பகலில் முடியும். அடியில் பழைய பிளாஸ்டிக் டிரே, கையில் நைட்ரைல் கையுறை, முகத்தில் துகள் வடிகட்டும் பி-100 பில்டர் கொண்ட முகமூடி. துணி மாஸ்க் இதற்கு உதவாது. டிரேயில் சேரும் கறுப்புச் சேற்றைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். வண்டலை அடியில் தங்கவிட்டு, துடைத்த துணியோடு மூடி போட்ட டப்பாவில் அடைத்து, உள்ளாட்சி அபாயக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

துருவும் பிரைமரும்

துருவுக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தேடிப் போக வேண்டாம். கழுவிய பத்தாவது நிமிடமே ஆரஞ்சு நிறத்தில் துரு திரும்பப் பூத்துவிடும். பக்கத்தில் வைத்த ஸ்பானர்களும் துருப்பிடிக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். இரும்புத் தகட்டை முழுக்க மூழ்க வைத்து, மணிக்கொரு தரம் எடுத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். லேசான துரு நாலைந்து மணி நேரத்தில் கிளம்பிவிடும். ராத்திரி முழுக்க விட்டால் நல்ல இரும்பையும் கறுக்க வைத்து அரிக்கும். எடுத்ததும் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர் நல்லது. அன்றைக்கே தின்னரால் துடைத்துப் பிரைமர் போட்டுவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால், விரல் ரேகை பட்ட இடமெல்லாம் ரேகை வடிவத்திலேயே துரு வரும்.

நெளிந்த தகட்டை நேராக்குவதை இந்தக் கட்டத்தில் செய்யலாம். தட்டையான மரக்கட்டை மேல் முகம் கீழாகக் கவிழ்த்து, மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தி பட்டால் தகரம் நீண்டுவிடும். நீண்ட தகரம் பிறகு ‘டப் டப்’ என்று உப்பி அமுங்கிக்கொண்டே இருக்கும், அதை வீட்டில் சரி செய்ய முடியாது. மீதிப் பள்ளத்துக்கு மெல்லிய பட்டி போதும். கெட்டியாகப் பூசினால் வண்டி அதிர்வில் விரிசல் விடும்.

இரும்புக்கு ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். அலுமினியத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர்தான். சாதாரணப் பிரைமரை அலுமினியத்தில் அடித்தால் ஒரு மழைக்காலம் தாண்டியதும் வடாம் மாதிரி பெயர்ந்து வரும். பின்பக்கத்தையும் போல்ட் துளைகளின் உள்விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். கூர்மையான விளிம்பிலிருந்து பெயிண்ட் விலகி ஒதுங்கும் என்பதால் பூச்சு அங்கேதான் மெல்லிசு, துருவும் அங்கிருந்துதான் தொடங்கும். விளிம்புகளுக்கு மட்டும் சின்ன பிரஷால் கூடுதலாக ஒரு கோட்.

கறுப்பும் வெள்ளையும்

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது? 500 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலப் பிளேட்டின் ஒரு பக்கம் 0.06 சதுர மீட்டர். முன், பின் இரண்டு பிளேட்டும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.24. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். அப்படியானால் ஒரு கோட்டுக்கு 25 மி.லி.கூட ஆகாது. கறுப்பு 100 மி.லி. டப்பா ஒன்றும், எழுத்துக்கு வெள்ளை 50 மி.லி.யும் தாராளம்.

இரண்டு மெல்லிய கோட். எனாமலில் டர்பன்டைன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஒரே கோட்டில் முடிக்க நினைத்துத் தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டிக்கொண்டு அடி ஈரமாகவே நிற்கும், பிறகு பால் ஆடை மாதிரி சுருங்கும். வெயிலில் வைத்துக் காயவைத்தாலும் இதே கதி. நிழலில் ஒரு நாள் முழுதாகக் காய்ந்த பின், 800 வாட்டர் பேப்பரில் லேசாக மட்டம் செய்து அடுத்த கோட்.

டூகோ, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டை ஸ்பிரே செய்ய நினைப்பவர்கள் ஒரு விதியை மறக்கக் கூடாது. டூகோ மேல் எனாமல் போகலாம், எனாமல் மேல் டூகோ போகக் கூடாது. டூகோ தின்னர் அடியிலுள்ள எனாமலைத் தூக்கிக் கொப்புளமாக்கிவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் டூகோ அடித்தால் கறுப்பின் மேல் வெண்படலம் படியும். தின்னர் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். தை, மாசியில் காலை பத்து மணிக்கு மேல் அடித்தால் இந்தத் தொல்லை இருக்காது. ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கிளப்பும். வீட்டில் அடிக்கவே வேண்டாம்.

எழுத்துக்கு, முன்பு எடுத்த பட்டர் பேப்பரை எடுங்கள். கோடு நெடுக ஊசியால் 2 மி.மீ.க்கு ஒரு துளை போடுங்கள். பேப்பரைக் கறுப்புக் காய்ந்து நாலு நாள் ஆன பிளேட்டின் மேல் ஒட்டி, மெல்லிய துணியில் முடிந்த சாக்பீஸ் தூளால் தட்டினால், கோலப்புள்ளி மாதிரி வெள்ளைப் புள்ளிகளில் எழுத்து நிற்கும். தட்டைவாய் ரைட்டிங் பிரஷால் நிரப்புங்கள். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கோலைத் தாங்கலாகக் கொடுத்தால் கை நடுங்காது. இன்றைய வெள்ளை கண்ணைப் பறிக்கும் வெள்ளை. தீக்குச்சி நுனியில் தொட்ட அளவு மஞ்சள் சேர்த்தால் அந்தக் காலத்து நிறத்துக்கு வரும். மாஸ்கிங் டேப் போட்டிருந்தால், பெயிண்ட் முழுதாகக் காய்வதற்குள் தகட்டை ஒட்டிச் சாய்வாக இழுத்து எடுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் விளிம்பு பிய்ந்துவரும்.

சாலையில் மாட்டலாமா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இன்று தனியார் காருக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, உயர் பாதுகாப்பு பிளேட் என்பதே விதி. வீட்டில் அழகாக எழுதிய கறுப்பு பிளேட் அதற்கு மாற்று ஆகாது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் அனுமதி. சாலையில் எந்த பிளேட்டோடு போவது என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே இறங்குங்கள். ஆர்.சி.யில் இல்லாத எண்ணை, அழகாக இருக்கிறதே என்று எழுதி எந்த வண்டியிலும் மாட்டாதீர்கள். அது போலி எண் கணக்கில்தான் வரும்.

கண்காட்சிக்கு மாட்டும்போது எனாமல் முழுதாக இறுக ஒரு மாதம் விடுங்கள். அதற்குள் மெழுகு போட்டால் பூச்சு மங்கும். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர், அளவான இறுக்கம் போதும். தகட்டுக்கும் பம்பருக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருந்தால் தண்ணீர் தேங்காமல் வடியும். துளை போட்ட அந்தப் பட்டர் பேப்பரைத் தூக்கி எறியாமல் ஆர்.சி. புத்தகத்தோடு மடித்து வையுங்கள்.