ஓர் எழுத்து பிசகிப் பிறந்த விலங்கு

ரஷ்யாவின் இர்கூத்ஸ்க் மாகாணக் கொடியின் நடுவில் ஒரு கறுப்பு விலங்கு நடந்துபோகிறது. உடல்வாகு பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வாலோ பருத்துக் கிடக்கிறது. பின்பாதங்களில் வாத்துக்கு இருப்பதுபோல விரலிடைச் சவ்வு. வாயில் சிவப்பாக ஒரு குட்டி விலங்கு. இது கரடியா, சிறுத்தையா என்று படம் பார்த்தவர்கள் கேட்பது வழக்கம். இரண்டும் இல்லை. விலங்கியல் நூல் எதிலும் இது கிடைக்காது.

அதன் பெயர் பாப்ர். பாரசீகத்தில் புலிக்கு வழங்கும் சொல் இது. சைபீரிய ரஷ்யர்களும் புலியை இப்படித்தான் அழைத்தார்கள். 1661இல் மரக்கோட்டையாகத் தொடங்கிய இர்கூத்ஸ்க், 1690இலேயே சேபிளைக் கவ்விய பாப்ரைத் தன் முத்திரையில் வைத்துக்கொண்டது. சேபிள் என்பது கீரி அளவுள்ள, மென்மயிர்த் தோலுக்காகவே வேட்டையாடப்பட்ட விலங்கு; அந்தத் தோல்தான் சைபீரியாவின் பணம். 1790 அக்டோபர் 26 அன்று பேரரசி இரண்டாம் கேத்தரின் ஒப்புதல் தந்த நகர இலச்சினையிலும் வெள்ளி நிறப் பரப்பில் ஓடுகிற புலி, அதன் வாயில் சேபிள். அதுவரை எல்லாம் சரி.

இலச்சினைக் கலையில் மூலம் என்பது படம் அல்ல, வாசகம். "வெள்ளிக் கேடயத்தில் இன்ன நிறத்தில் இன்ன விலங்கு, இன்ன நிலையில்" என்று ஒரு வரி இருந்தால் போதும். அதைப் படித்து எந்த ஓவியரும் வரையலாம். மரபணுவில் உள்ள எழுத்துகளைப் படித்து உடல் உருவாவதற்கு ஒப்பான ஏற்பாடு. ஆகவே எழுத்தில் பிசகு வந்தால் உடலிலும் வரும். இரத்தத்தின் ஹீமோகுளோபினை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் அடினின் என்ற எழுத்து இருக்கவேண்டிய ஓரிடத்தில் தைமின் என்ற எழுத்து வந்துவிட்டால் இரத்தச் சிவப்பணு அரிவாளாக வளைகிறதே, அதே கதைதான்.

1878இல் மாகாணத்துக்கான இலச்சினை அன்றைய தலைநகரான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தயாரானபோது பாப்ர் என்ற சொல் போப்ர் ஆயிற்று. போப்ர் என்றால் பீவர்: ஆற்றில் அணை கட்டும், மரப்பட்டை தின்னும் கொறிவிலங்கு.

எழுத்தர் தூங்கிவிட்டார் என்று இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் பிழையின் வழியைப் பார்த்தால் அவர்மேல் கோபம் வராது. முதலில் கண். ரஷ்யக் கையெழுத்தில் 'ஓ' வெறும் வட்டம். 'ஆ' அதே வட்டத்தோடு வலப்பக்கம் கீழிறங்கும் ஒரு சின்னக் கொக்கி. பேனா மை மங்கினால் இரண்டும் ஒன்று. அடுத்தது காது. ரஷ்யத்தில் அழுத்தம் விழாத 'ஓ' ஏறக்குறைய 'ஆ' என ஒலிக்கும். போப்ர் என்று தனியாகச் சொல்லும்போது குழப்பமில்லை. ஆனால் வேற்றுமை உருபேறி 'போப்ரா' என்றானால் அழுத்தம் கடைசி அசைக்கு நகர்ந்து, காதில் 'பாப்ரா' என்றே விழும். எனவே 'ஆ' என்று கேட்டாலும் 'ஓ' என்று எழுதவேண்டிய சொற்கள் ஏராளம் என்பது படித்த ரஷ்யருக்குப் பாலபாடம். மூன்றாவது, மூளை. இர்கூத்ஸ்க் தலைநகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால்; ரயிலே 1898இல்தான் போய்ச் சேர்ந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் பீவரை எல்லோருக்கும் தெரியும், பாப்ரைத் தெரிந்தவர் அரிது. அறியாத சொல்லை அறிந்த சொல்லாகத் "திருத்துவது" கவனக்குறைவு அல்ல, அதிகக் கவனம். பாடபேதம் பார்ப்பவர்கள் இரண்டு பாடங்களில் கடினமானதை முதலில் நம்புவது இதனால்தான்: எளிய சொல்லைக் கடினமாக்கும் எழுத்தர் குறைவு.

சரி, போப்ர் என்று மட்டும் படித்திருந்தால் ஓவியத்தில் முழு பீவர் அல்லவா வந்திருக்கவேண்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிடைத்திருப்பது கலப்பு. புலியின் உடலும் வேட்டையாடும் தோரணையும் பழைய முத்திரையின் வழி வந்தவை. வாலும் விரலிடைச் சவ்வும் புதிய வாசகத்தின் வழி வந்தவை. பீவருக்குப் பின்பாதங்களில்தான் சவ்வு உண்டு; படத்திலும் பின்பாதங்களில்தான் இருக்கிறது. ஆக, ஓவியத்துக்கு இரண்டு மூலங்கள் இருந்தன, அவை முரண்பட்டன, ஒன்றைத் தள்ளாமல் இரண்டையும் ஒட்டவைத்தார்கள் என்பதைப் படமே சாட்சி சொல்கிறது. மரப்பட்டை தின்கிற பிராணி சேபிளை ஏன் கவ்வவேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தால் பிழை அன்றே பிடிபட்டிருக்கும். சரிபார்ப்பு வேலைக்கு எந்த அரசும் கடைசியில்தான் பணம் ஒதுக்குகிறது. பலன் இப்படி நூறாண்டு கடந்தும் கொடிமரத்தில் பறக்கிறது.

1997இல் மாகாணம் பழைய இலச்சினையை மீட்டெடுத்தபோது வாசகத்தைத் திருத்தினார்கள்: வெள்ளிக் கேடயத்தில் சிவப்புக் கண்களுடைய கறுப்பு பாப்ர், வாயில் சிவப்புச் சேபிள். எழுத்து மீண்டும் சரி. விலங்கோ அப்படியே. வாசகமே மூலம் என்பது விதி; நடைமுறையில் ஓவியர் முந்தைய படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார். படத்துக்குள் புகுந்த பிழையை எழுத்தில் திருத்திப் பயனில்லை. நிறத்திலும் ஒரு வேடிக்கை: ஆங்கில இலச்சினை மரபில் கறுப்புக்கே 'சேபிள்' என்றுதான் பெயர். இங்கே சேபிள் சிவப்பு, அதைக் கவ்வியவர் கறுப்பு.

கொடியை வரைய விரும்புவோருக்கு: உயரம் 2 பங்கு, நீளம் 3 பங்கு. செங்குத்தாக நீலம், வெள்ளை, நீலம். ஒவ்வொரு நீலப் பட்டையும் நீளத்தில் கால்பங்கு. 150 சென்டிமீட்டர் நீளமுள்ள துணியில் 37.5, 75, 37.5. மூன்றையும் சம அகலமாக வெட்டுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. விலங்கையும் அதைச் சுற்றிய பச்சைக் கிளைகளையும் வைக்க வெள்ளையில் இடம் போதாமல் போகும்.

அந்தக் கிளைகளை ரஷ்யர்கள் 'கேதர்' என்கிறார்கள், தேவதாரு என்று பொருள். சைபீரியாவில் அந்தப் பெயரில் வளர்வது தேவதாரு அல்ல, ஒரு பைன் மரம். ஊசியிலைகளை எண்ணினால் தெரிந்துவிடும்: ஒரு கொத்துக்கு ஐந்து.