தள்ளுவது பனியை, தேய்ப்பது மணல்

பனி கொட்டும் ஊர்களில் நடைபாதையைச் சுத்தம் செய்ய ஏடிவி எனப்படும் சின்ன நாலு சக்கர வண்டியின் முன்னால் ஒரு பிளேடை மாட்டி ஓட்டுவார்கள். லாரியில் பூட்டும் பெரிய பிளேடு நடைபாதைக்குள் நுழையாது. மண்வாரியால் தள்ளினால் இடுப்பு போய்விடும். இந்த ஏடிவி பிளேடின் அடியில், தரையை உரசியபடி போகும் நீளமான பட்டை ஒன்று போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கட்டிங் எட்ஜ் என்பார்கள். செருப்புக்கு அடித்தோல் எப்படியோ பிளேடுக்கு இது அப்படி. தேய்வதற்கென்றே இருப்பது, தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம்.

எந்தப் பட்டை நீடித்து உழைக்கும்? கடைக்குப் போனால் இரும்பு, ரப்பர், பாலியூரித்தேன் என்கிற ரப்பர் போன்ற பிளாஸ்டிக், கார்பைடு என்று வரிசையாகக் காட்டுவார்கள். தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், பட்டையைத் தேய்ப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பனி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் உறைநிலையை ஒட்டிய பனிக்கட்டி, மோஸ் கடின அளவுகோலில் ஏறக்குறைய 1.5. நம் விரல் நகமே 2.5. இவ்வளவு மென்மையான ஒன்று இரும்பைத் தின்றுவிடாது.

தின்பது பனிக்கு அடியில் இருக்கும் கான்கிரீட். இன்னும் சரியாகச் சொன்னால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்கிற கடினமான கனிமம், மோஸ் அளவில் 7. நாள்பட்ட நடைபாதையில் மேலிருக்கும் சிமென்ட் பூச்சு போய், மணலும் ஜல்லியும் தலைகாட்டிக்கொண்டு நிற்கும். போதாததற்கு, வழுக்காமல் இருக்கட்டும் என்று மேலே வேறு மணலைத் தூவுகிறார்கள். ஆக, பட்டை குளிர்காலம் முழுக்க ஒரு சாணைக்கல்லின் மேல்தான் ஓடுகிறது.

இரும்பைக் கெட்டிப்படுத்தினால் சமாளித்துவிடலாமா? ஓரளவுக்குத்தான். கடினத்துக்கான இன்னொரு அளவான விக்கர்ஸ் எண்ணில் சாதாரண இரும்பு 120, 150 என்று இருக்கும். ஏஆர்400 எனப்படும் கெட்டிப்படுத்திய எஃகு 400-ஐ ஒட்டி, ஏஆர்500 ஐந்நூறுக்குச் சற்று மேலே. குவார்ட்ஸோ 1,000-ஐத் தாண்டியது. உரசும் துகள் உரசப்படும் பொருளைவிடத் தெளிவாகக் கடினமாக இருக்கும்வரை, அது கீறி உழுதுகொண்டேதான் போகும். அதனால் எஃகின் கடினத்தை மூன்று மடங்கு கூட்டினாலும் ஆயுள் மூன்று மடங்கு கூடுவதில்லை. ஆனாலும் சாதாரண இரும்பைவிட நன்றாகவே உழைக்கும், அதில் சந்தேகமில்லை.

கடையில் கார்பைடு என்று காட்டும் டங்ஸ்டன் கார்பைடு மட்டும் குவார்ட்ஸையும் மிஞ்சும், 1,300-க்கு மேல். அப்புறம் ஏன் எல்லோரும் அதையே மாட்டுவதில்லை? அது நொறுங்கும். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து உப்பி, நடைபாதையின் கான்கிரீட் பலகைகளில் ஒன்றை மேலே தூக்கிவிட்டிருக்கும். இரண்டு சென்டிமீட்டர் படி போதும், பிளேடு அதில் போய் முட்டும். முட்டியதும் பிளேடு முன்பக்கம் மடிந்துகொடுக்க ஸ்பிரிங் வைத்திருப்பார்கள், ஆனால் முதல் அடி பட்டையின் மேல்தான் விழும். எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும், கார்பைடு துண்டு தெறிக்கலாம். நெடுஞ்சாலையில் பாரமான லாரியில் நாளெல்லாம் ஓடும் பிளேடுக்குக் கார்பைடு சரி. ஏடிவிக்கு வீண் செலவு என்பது என் கருத்து.

காரணம், ஏடிவியில் சுமை குறைவு. தேய்மானத்துக்கு 1953-ல் ஆர்ச்சர்ட் என்பவர் ஒரு எளிய சமன்பாடு தந்தார். அழுத்தும் சுமையும் உரசிய தூரமும் கூடினால் தேய்மானம் கூடும், கடினம் கூடினால் குறையும். இதில் ஒரு வேடிக்கை, உரசும் பரப்பளவு கணக்கிலேயே வராது. தடிமன் 6 மில்லிமீட்டரோ 12 மில்லிமீட்டரோ, போகும் உலோகத்தின் அளவு ஒன்றுதான். ஆனால் தடித்த பட்டையில் அந்த இழப்பு அகலமாகப் பரவுவதால் உயரம் மெதுவாகக் குறையும். தடிமன் இரட்டித்தால் ஆயுளும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

அதற்கும் ஒரு விலை உண்டு. 150 சென்டிமீட்டர் நீளப் பட்டையின் மேல் 60 கிலோ எடை இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.67 கிலோ அழுத்தம், 12 மில்லிமீட்டரில் அதில் பாதி. மிதிபட்டு இறுகிய பனியைச் சுரண்டி எடுக்க அந்த அழுத்தம்தான் வேண்டும். நீண்ட நாள் வருகிற பட்டை, இறுகிய பனிக்கு மேலே வழுக்கிக்கொண்டும் போகலாம்.

பாலியூரித்தேனும் ரப்பரும் வேறு ஜாதி. இவை மணலை எதிர்த்து நிற்பதில்லை, விட்டுக்கொடுக்கின்றன. மணல்துகள் அழுத்தினால் குழிந்து, துகள் நகர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். கல்லும் மணலும் சறுக்கி விழும் சுரங்கச் சரிவுகளுக்கு உட்புறம் ரப்பர் ஒட்டுவது இதே தந்திரம்தான். அலங்காரக் கல் பாவிய நடைபாதையில் இரும்பு போட்டால் கல்லெல்லாம் கீறல் விழும். அங்கே பாலியூரித்தேனைத் தவிர வேறு எதையும் மாட்ட மாட்டேன். சத்தமும் குறையும். புதுப் பனியையும் நீர்த்த பனிச்சேற்றையும் வழித்துத் தள்ளிவிடும். ஆனால் இறுகிய பனியிடம் பாலியூரித்தேன் திணறும், ரப்பர் இன்னும் மோசம். குளிர் கூடக் கூட இரண்டும் விறைத்து அந்த விட்டுக்கொடுக்கும் குணம் குறையும். கூரான உடைசல் மேல் ஓடினால் வெட்டும் விழும்.

சாதாரண கான்கிரீட் நடைபாதைக்கு என்னைக் கேட்டால், போல்ட் துளைகள் மேலும் கீழும் ஒரே அளவாக அமைந்த, கெட்டிப்படுத்திய எஃகுப் பட்டை. ஒரு விளிம்பு தேய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம், ஒரே பட்டை இரண்டு முறை உழைக்கும். பிளேடை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்து ஓட்டினால் ஒரு முனை மட்டும் கரையும், அவ்வப்போது பக்கம் மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சூட்டில், கெட்டிப்படுத்திய எஃகு வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் இளகி, காசு கொடுத்து வாங்கிய கடினம் அங்கே போய்விடும்.

பட்டை போல்ட் தலைவரை தேயும் முன்பே மாற்றிவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் போல்ட் தலை மழுங்கும், அடுத்ததாகத் தரை பிளேடையே தின்னத் தொடங்கும், அதை மாற்றுவது பட்டை மாற்றுவது போல மலிவான வேலை இல்லை. புதுப் பட்டை மாட்டிய பிறகு, முதல் பனியைத் தள்ளி முடித்ததும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள், அதிர்வில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.