மலையில் பனிக்காலக் கட்டு வேலை: சமவெளிப் பழக்கம் செல்லாது

உதகை, கொடைக்கானல் பக்கம் மழை ஓய்ந்ததும் வீட்டு வேலை மும்முரமாகும். உறைபனி இறங்குவதும் அப்போதுதான். கீழிருந்து வரும் ஆட்கள் ஊரில் செய்த மாதிரியே இங்கும் செய்வார்கள்: செங்கலைத் தொட்டியில் முக்கி எடுப்பது, இருட்டும் வரை கட்டுவது, போகும்போது சுவரில் தண்ணீர் அடிப்பது. இந்த மூன்றுமே பனிக்காலத்தில் சுவரைக் கெடுக்கும்.

10 டிகிரிக்குக் கீழே சிமென்ட் இறுகுவது மந்தமாகும். 5 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் மட்டும் கெடுதல் இல்லை, வெயில் வந்ததும் தொடரும். இறுகாத கலவைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால்தான் ஆபத்து. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். அப்போது விட்டுப்போன பிடிப்பு அதன்பின் எத்தனை நாள் தண்ணீர் விட்டாலும் திரும்பாது. சந்தேகம் இருந்தால் வெயில் ஏறியபின் கரண்டி நுனியால் இணைப்பைச் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அந்த வரிசைகளைப் பிரித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியதுதான். மேலே பூச்சு போட்டு மறைத்தால் பூச்சும் சேர்ந்து விழும்.

நல்ல வேளையாக, நம் மலைகளில் பகல் வெயில் உண்டு. லடாக்கைப் போல வேலையிடத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டு அனல் மூட்டத் தேவையில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் கட்டு வேலையை நிறுத்தினால் போதும். ஒரே நாளில் 1 மீட்டருக்கு மேல் சுவரை ஏற்றாதீர்கள். சாயங்காலம் வானம் தெளிந்து காற்றும் அடங்கினால் அன்றிரவு பனி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தங்கும்; எனவே தாழ்வான மனையில் கட்டுபவர் ஊர் வெப்பநிலையை நம்பாமல் ஒரு வெப்பமானியை அங்கேயே மாட்டி வைப்பது நல்லது. புதுச் சுவரின் மேல் காய்ந்த சாக்கு, அதற்கு மேல் தார்ப்பாய், இரண்டு பக்கமும் முழம் அளவு தொங்கும்படி. ஈரச் சாக்கு கூடாது. மணல் குவியலையும் செங்கல் அடுக்கையும் மூடி வையுங்கள்.

அதற்காகத் தண்ணீரே விடாமலும் இருக்கக் கூடாது. மலை வெயிலும் வறண்ட காற்றும் சுவரைச் சீக்கிரம் உலர்த்தும். வெயில் ஏறியபின் பத்து மணியிலிருந்து நண்பகலுக்குள் தண்ணீர் விட்டு முடியுங்கள். செங்கலை நனைப்பதற்கு ஒரு சோதனை: ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டம் வரைந்து அதில் 20 சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் குடித்துவிட்டால் லேசாகத் தெளித்தால் போதும். இல்லையென்றால் அப்படியே கட்டலாம்.

சிமென்டில் சாம்பல் கலந்த பி.பி.சி. குளிரில் இன்னும் மெதுவாக இறுகும். டிசம்பர், ஜனவரியில் சாம்பல் கலக்காத சாதா சிமென்ட், அதாவது ஓ.பி.சி. நல்லது. வெந்நீர் கலப்பதானால் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. முதலில் மணலோடு கலந்து, கடைசியில் சிமென்ட் சேர்க்க வேண்டும். கால்சியம் குளோரைடு கலந்த 'சீக்கிரம் இறுக்கும்' மருந்துகளைக் கம்பி உள்ள இடத்தில் தொடவே வேண்டாம், துருப்பிடிக்கும். லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்), கூரை ஆகியவற்றின் முட்டுகளைப் பிரிக்க ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி சொல்லும் நாட்கணக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கானது. உதகைப் பனிக்காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது, நாட்களைக் கூட்டுங்கள். வெளிப்பூச்சைப் பிப்ரவரி கழிந்து போடுவதே மேல்.

கட்டி முடித்த வீட்டிலும் வில்லன் தண்ணீர்தான், இம்முறை காற்றில் இருக்கும் ஈரம். அறை 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 14.5 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். வெளியே 4 டிகிரி இருக்கையில் 9 அங்குலச் செங்கல் சுவரின் உள்முகம் ஏறக்குறைய அந்த 14.5 டிகிரிக்கே இறங்கிவிடும். பீரோவுக்குப் பின்னாலும் மூலைகளிலும் கறுப்புப் பூஞ்சை படர்வது இதனால்தான். பலர் இதை மழைக்கசிவு என்று நினைத்து வெளியே வாட்டர்ப்ரூஃப் அடித்துப் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

சுவர் தடிமனாக இருந்தால் குளிராது என்ற நம்பிக்கையும் தவறு. கருங்கல் வெப்பத்தை எளிதில் கடத்தும். 18 அங்குலக் கருங்கல் சுவரைவிட 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் மூன்று மடங்குக்கும் மேலாக வெப்பத்தைத் தடுக்கும். மேலே சொன்ன குளிரிலும் அதன் உள்முகம் 16 டிகிரிக்கு மேல் நிற்கும். எடையும் குறைவு, மலைப்பாதை லாரிச் செலவு மிச்சம். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும். தரையிலிருந்து பிளிந்த் (வீட்டுத் தளத்தின் மட்டம்) வரை கருங்கல் அல்லது சாலிட் பிளாக், அதன்மேல் ஈரத்தடுப்பு, பிறகே ஏ.ஏ.சி.

செங்கல்தான் வேண்டுமென்றால் இரட்டைச் சுவர்: இரண்டு நாலரை அங்குலச் சுவர்கள், நடுவே 50 மி.மீ. இடைவெளி. வெறும் இடைவெளியால் கிடைப்பது சுமாரான பலன்தான். தெர்மோகோல் பலகை வைத்தால் பெரிய வித்தியாசம். இடைவெளியில் சிந்தும் கலவை பாலமாகி ஈரத்தை உள்ளே கடத்தும். ஒரு ரீப்பரை (மெல்லிய மரச் சட்டம்) கயிற்றில் கட்டி உள்ளே வைத்து, ஏற ஏறத் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அடியில் நீர் வடியத் துளைகளும் விடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. ஈரம் உள்ளேயே தங்கும். அந்த அறையில் கரியடுப்பும் மூட்டினால் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிச் சேர்ந்து தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வென்டிலேட்டரை அடைக்காதீர்கள், படுக்கும் அறைக்குள் கரியடுப்பைக் கொண்டுவராதீர்கள்.