பள்ளத்தாக்கா, பனியின் படுகையா?

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு கடலூர் கேப்பர் மலையின் செம்மண் சரிவுகளைப் பாருங்கள். மழைநீர் அறுத்த ஓடைகள் பெரும்பாலும் ‘வி’ வடிவில் இருக்கும். தண்ணீர் அறுப்பது அடியில் ஒரு குறுகிய தடத்தை மட்டும்தான். பிடிமானம் போன பக்கங்கள் தாமாகச் சரிகின்றன. சரிந்த மண்ணை ஓடை வாரிக்கொண்டு போகிறது. மலையாறுகள் செதுக்கிய பெரிய பள்ளத்தாக்குகளிலும் இதே கதைதான்.

மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்தான் பனியாறு. அது செதுக்கிய பள்ளத்தாக்கு ‘யு’ வடிவில் இருப்பது ஏன்? கோடையில் வற்றிக் கிடக்கும் கெடிலத்தின் மணற்படுகையில் இதற்கான விடை இருக்கிறது. அகன்ற அடி, நிமிர்ந்த கரைகள்: வெள்ளம் படுகையை நிறைத்து ஓடியதால் வந்த வடிவம். பனியாறோ நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் நகர்வது. அதற்குப் பள்ளத்தாக்கு முழுவதுமே படுகை. அடியையும் பக்கங்களையும் ஒருசேரத் தேய்க்கிறது. வெறும் பனிக்கட்டிக்குப் பாறையைக் கீறும் கடினம் கிடையாது. அதன் அடியில் பதிந்திருக்கும் கற்கள்தான் உப்புத்தாள் மணல்போல வேலை செய்கின்றன. பாறை வெடிப்புகளில் புகுந்து உறையும் நீர் கற்களைப் பெயர்த்தும் கொடுக்கிறது.

இமயமலையின் கங்கோத்ரி பனியாறு இன்று சுமார் 30 கி.மீ. நீளம், கோமுக்கில் முடிகிறது; அங்கிருந்துதான் பாகீரதி ஆறு புறப்படுகிறது. அதன் பழைய தடயங்களோ இன்னும் சுமார் 40 கி.மீ. கீழே, ஜாலா வரை கிடைக்கின்றன. அதற்குக் கீழே பாகீரதியின் பள்ளத்தாக்கு ஒடுங்கிவிடுகிறது.

கூகுள் எர்த்தில் நீங்களே சோதிக்கலாம். ஆற்றுக்குச் செங்குத்தாக, ஒரு முகட்டிலிருந்து எதிர் முகடுவரை கோடு போட்டு உயர வரைபடத்தை எடுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: திரையில் உயர அளவு இழுத்துக் காட்டப்படுவதால் தட்டையான பள்ளமும் கிடுகிடு பள்ளமாகத் தெரியும். எண்களைக் குறித்துக்கொண்டு, இரு அச்சுக்கும் ஒரே அளவு வைத்து வரைபடத்தாளில் போட வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், பள்ளத்தின் நடு அடியிலிருந்து ஒரு பக்கச் சுவரின் தூரத்துக்கும் உயரத்துக்கும் மடக்கை (log) எடுத்து வரையுங்கள். கோட்டின் சரிவு 1-ஐ ஒட்டினால் ‘வி’. 2-ஐ நெருங்கினால் ‘யு’.

தட்டையான தரையை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பாறை அடியின் மேல் சில இடங்களில் 600 மீட்டர் வரை வண்டல் நிரம்பியிருக்கிறது. ‘வி’ பள்ளமும் இப்படித் தூர்ந்தால் ‘யு’போலத் தோன்றும். அதனால் கிளைப் பள்ளத்தாக்குகளைக் கேட்பது நல்லது. கிளையில் வந்த சிறிய பனியாறு, முதன்மைப் பனியாறு அளவுக்கு ஆழமாக அரிப்பதில்லை. பனி உருகியதும் கிளைப் பள்ளத்தாக்கின் வாய், முதன்மைப் பள்ளத்தாக்கின் அடிக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். யோசெமிட்டியின் பிரைடல்வெயில் அருவி 188 மீட்டர் விழுவது அப்படிப்பட்ட வாயிலிருந்துதான்.

இன்னொரு சாட்சி குப்பை. தென்பெண்ணை மணலைக் கல்லிலிருந்து பிரித்துப் படியவைக்கும்; பனியாறு மாவுபோன்ற தூளையும் வண்டி அளவுப் பாறையையும் ஒரே குவியலில் கொட்டிவிடும். நிலச்சரிவும் அப்படித்தான் கொட்டும் என்பதால் கற்களைக் கழுவிப் பார்க்க வேண்டும். நிலச்சரிவுக் கல் பெரும்பாலும் கூர்முனையோடு இருக்கும். பனி இழுத்த கற்கள் சிலவற்றில் தேய்ந்த தட்டை முகமும் அதன்மேல் இணையான கீறல்களும் தெரியும்.