ஜாக் த ரிப்பரின் நாட்குறிப்பு: மையை விடுங்கள், கையெழுத்தைப் பாருங்கள்

புரோநோட்டு வழக்கானாலும் செக் வழக்கானாலும், ஆவண ஆய்வுக்காக எங்களிடம் வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "சார், இந்த மை எந்த வருடத்தது என்று பார்த்துச் சொல்லிவிட முடியுமா?" வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பிற்பாடு தொகையை நிரப்பிவிட்டார்கள் என்பது அவர்கள் தரப்பு. முடியாது என்றால் முகம் வாடிவிடுகிறது. எழுத்தின் வயதைக் கணித்துச் சொல்லும் வசதி தடய அறிவியல் துறையில் இல்லை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. இருந்தும், ஒரு சொட்டு ரசாயனம் விட்டால் உண்மை வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் போவதில்லை. அந்த நம்பிக்கை ஒரு விவகாரத்தை எத்தனை வருடம் இழுத்தடிக்கும் என்பதை லிவர்பூலில் கிளம்பிய ஒரு நாட்குறிப்பில் பார்க்கலாம்.

1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஜாக் த ரிப்பர் என்று பெயர் சூட்டப்பட்ட கொலையாளி கடைசிவரை பிடிபடவில்லை. நூறு வருடங்களுக்கு மேல் கழிந்து, 1992 ஏப்ரலில், முன்பு பழைய இரும்பு வியாபாரம் செய்த மைக்கேல் பாரட் என்பவர் ஒரு கையெழுத்து ஏட்டோடு லண்டனிலுள்ள இலக்கிய முகவர் ஒருவரிடம் போனார். நண்பர் கொடுத்தது என்றார். அந்த நண்பர் முந்தைய வருடமே இறந்துவிட்டிருந்தார். கொடுத்தவர் உயிரோடு இல்லாத ஆவணம் என்றாலே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏட்டின் முடிவில் "ஜாக் த ரிப்பர்" என்ற ஒப்பமும் 1889 மே 3 என்ற தேதியும் இருந்தன. எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வீடு, மனைவி, தொழில் பற்றிய குறிப்புகள் எல்லாம் ஜேம்ஸ் மேப்ரிக் என்ற லிவர்பூல் பருத்தி வணிகரையே காட்டின. மேப்ரிக் 1889 மே 11 அன்று இறந்தவர். ஆர்சனிக் வைத்துக் கொன்றதாக அவருடைய அமெரிக்க மனைவி ஃப்ளோரன்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1904இல்தான் அவர் வெளியே வந்தார். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் நமக்கு அந்நியர் அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் அவர்தான். சர்ச்சைக்குரிய எழுத்தை, மெய்ப்பிக்கப்பட்ட எழுத்தோடு நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற 73ஆம் பிரிவும் அதில் உண்டு. 2024 ஜூலையில் புதிய சட்டம் வரும்வரை எங்கள் பிழைப்பு அதை நம்பித்தான் ஓடியது.

இனி ஏட்டுக்கு வருவோம். அது நாட்குறிப்பேடே அல்ல. படங்களை ஒட்டி வைக்கும் பழைய ஆல்பம். விக்டோரியா காலத்துத் தாள்தான், அதில் பெரிய தகராறு இல்லை. ஆனால் முன்பக்கங்கள் பல கத்தியால் அறுத்து எடுக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்ததில் 63 பக்கங்களுக்கு எழுத்து. வசதியான வணிகர் ஒருவர், யாரோ ஒட்டிக் கிழித்த ஆல்பத்தில் ஏன் எழுத வேண்டும்? பழைய வெற்றுத்தாள் தேவைப்படுகிறவருக்குத்தான் அப்படியொரு ஆல்பம் தேவைப்படும். நம் ஊரில் பழைய தேதியிட்ட முத்திரைத்தாளைத் தேடி அலைபவர்களுக்கும் அதே தேவைதான். தாளின் வயது எழுத்தின் வயது ஆகாது.

மைக்குத்தான் அதிகப் பணமும் நேரமும் செலவானது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த இரும்பு மை. காற்றுப் பட்டுக் கறுத்து, தாளின் இழையோடு பிணைந்து, வருடங்கள் போகப் போகப் பழுப்பேறும், எளிதில் கரையாது. 1992இல் பார்த்த ஒரு நிபுணர், இந்த மை சுலபமாகக் கரைகிறது, எழுதி அதிக காலம் ஆகியிருக்காது என்றார். இன்னொருவர், விக்டோரியா காலத்துக்குப் பொருந்தாத எதுவும் இதில் தென்படவில்லை என்றார். அமெரிக்காவில் அயனிகள் தாளில் பரவிய அளவை வைத்துக் கணக்குப் போட்டவர் 1921, பன்னிரண்டு வருடம் முன்பின் இருக்கலாம் என்றார். 1994இல் ஓர் ஆய்வகம், பிற்கால மைகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் குளோரோஅசிட்டமைடு இருப்பதாகச் சொன்னது. வேறோர் ஆய்வு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு விடை. விவாதம் இன்றும் உயிரோடு இருப்பது இந்தக் குழப்பத்தால்தான். எந்தச் சோதனை தெளிவான பதில் தராதோ, அதையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

தெளிவான பதில் தந்த சோதனையோ எளிமையானது. மேப்ரிக்கின் உயிலின் தேதி 1889 ஏப்ரல் 25. நாட்குறிப்பின் கடைசிப் பக்கம் மே 3. எட்டு நாள் இடைவெளியில் ஒரே ஆள் எழுதியதாகச் சொல்லப்படும் இரண்டு எழுத்துகள் ஒத்துப்போகவில்லை. திருமணப் பதிவில் அவர் இட்ட கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை. இதற்கு நாட்குறிப்பை அசல் என்பவர்கள் சொல்லும் பதில் வேடிக்கையானது: உயிலையே சகோதரர்கள் போலியாகத் தயாரித்திருக்கலாமாம்! ஒரு சந்தேக ஏட்டைக் காப்பாற்ற, அந்தக் காலத்திலேயே நீதிமன்றம் ஏற்ற ஆவணத்தைப் பலி கொடுக்கிறார்கள். கொலைவெறி வந்தால் கையெழுத்து மாறிவிடும் என்பது மற்றொரு வாதம். வெறியிலும் போதையிலும் எழுத்து கோணும், நடுங்கும், பெரிதாகும். எழுத்தை உருவாக்கும் பழக்கமே வேறொருவருடையதாக ஆகிவிடாது.

1993இல், நாட்குறிப்பை வெளியிட இருந்த அமெரிக்கப் பதிப்பாளருக்காக ஆராய்ந்த ஆவண நிபுணர் கென்னத் ரெண்டலின் குழு இன்னொன்றையும் கவனித்தது. ஒரு வருட அளவுக்கு விட்டுவிட்டு எழுதியதாகச் சொல்லப்படும் குறிப்புகளில், மையின் ஓட்டமும் எழுத்தின் சாய்வும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சீராக இருக்கின்றன. தினசரிக் கணக்கு எழுதும் எந்தக் கடையின் பேரேட்டையும் புரட்டிப் பாருங்கள்: பேனா மாறும், அவசரம் தெரியும், ஒரு நாள் கை சோர்ந்திருக்கும். சீராக இருந்தால், உட்கார்ந்து தொடர்ச்சியாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த அறிக்கைக்குப் பிறகு பதிப்பாளர் ஒதுங்கிக்கொண்டார்.

உள்ளடக்கத்திலும் கோளாறு இருக்கிறது. கொல்லப்பட்ட ஐவரில் ஒருவரான கேத்தரின் எடோஸின் உடைமைகளைப் போலீசார் எழுதிய பட்டியலில் "டின் மேட்ச் பாக்ஸ், எம்ப்டி" என்று ஒரு வரி உண்டு. எழுத்தரின் நடையில் உள்ள அந்த வரி அப்படியே நாட்குறிப்பில் வருகிறது. பட்டியல் முதன்முதலில் அச்சில் வந்தது 1987இல். கொலைகாரன் தன் செயலைப் போலீஸ் மகஜரின் வாசகத்தில் நினைவுகூர்வானா?

பாரட்டே 1994இல் தான்தான் இதைத் தயாரித்தேன் என்றார்; உடனே அவருடைய வழக்கறிஞர் அதை மறுத்தார். 1995 ஜனவரியில் பாரட் சத்தியப் பிரமாணப் பத்திரமே கொடுத்தார். பிறகு அதிலிருந்தும் பின்வாங்கினார். அவர் மனைவியோ ஏடு தன் குடும்பச் சொத்து என்றார். இந்த வாக்குமூலங்களில் எதையும் நான் கணக்கில் எடுக்கமாட்டேன். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விளம்பரம். 1992 மார்ச் 9 அன்று முகவருக்குத் தொலைபேசியில் பேசிய பாரட், அதே மாதம் புத்தக வியாபாரிகளின் இதழ் வழியாக, 1880 முதல் 1890க்குள்ளான ஒரு நாட்குறிப்பேடு வேண்டும், குறைந்தது இருபது பக்கங்களாவது வெறுமையாக இருக்க வேண்டும் என்று தேடியிருக்கிறார். கையில் அசல் இருப்பவருக்கு வெற்றுப் பக்கம் எதற்கு? ஆவணம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க என்று விளக்கம் சொல்கிறார்கள். ஒப்பிட எழுதிய பக்கம் போதுமே.

தொலைபேசியில் பேசிய அதே மார்ச் 9 அன்று மேப்ரிக் வாழ்ந்த வீட்டில் தரைப்பலகைகளைப் பெயர்த்து மின்வேலை நடந்தது, ஏடு அங்கிருந்துதான் வந்தது என்ற வாதம் 2017இல் பெரிதாகப் பேசப்பட்டது. அப்படியே வைத்துக்கொண்டாலும், எழுதியது மேப்ரிக்கின் கைதானா என்ற கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது. யார் போலி செய்தது என்று சொல்ல முடியாததால் அது அசலாகிவிடாது. அசல் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அது நடக்கவில்லை.

கையெழுத்து ஒப்பீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. 1983இல் ஹிட்லரின் நாட்குறிப்பு என்று ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் வெளியிட்டதை நிபுணர்கள் சரி என்றார்கள். ஒப்பிடக் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலேயே அதே போலிக்காரரான கோன்ராட் குயாவின் கைவேலை கலந்திருந்தது. ஆகவே எங்களிடம் பத்திரத்தைக் கொண்டுவரும்போது, எதிர்த்தரப்பும் மறுக்க முடியாத மாதிரிகளைக் கொண்டுவாருங்கள்: வங்கிக் கணக்கு தொடங்கிய படிவம், சார்பதிவாளர் அலுவலகப் பதிவு, அதே காலகட்டத்து அலுவலகக் கடிதம். நகல் போதாது, அசல் வேண்டும். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். அழுத்தத்தின் தடமும் மேடு பள்ளமும் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் எந்த நுண்ணோக்கியாலும் அதை மீட்க முடியாது. பத்திரம் யார் கையிலிருந்து எப்போது வந்தது என்பதையும் அன்றே தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள்.