அத்தானின் கறுப்புக் காரும் தேரி மணலும்

அத்தான் கறுப்பு நிறத்தில் கார் எடுத்தபோதே, நம்ம ஊர்ப் புழுதிக்கு இது ஆகாது என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. ஆனி மாதக் கடைசியில் திசையன்விளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பாளையங்கோட்டை வந்து சேரும்போது கார் காவி கட்டியிருந்தது. மறுநாள் பைபாஸ் ஓரத்தில் ஒரு மெஷின் வாஷ். பெரிய பிரஷ் உருளைகள் சுற்றிச் சுற்றி வந்தன, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, கார் கண்ணாடி மாதிரி வெளியே வந்தது. அத்தானுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று ராத்திரி டீக்கடை முன்னால் எல்இடி விளக்கின் கீழ் வண்டியை நிறுத்தினார். பானெட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னடே மாப்ளே, வண்டி பூரா சிலந்தி வலை கட்டுனாப்ல இருக்கு?"

விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாக, மெல்லிய கோடுகள். நாம் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகர்கிறது. பிரஷ் வட்டமாகச் சுற்றியதால் கீறலும் வட்டமாக விழுந்திருக்கிறது என்று அத்தான் முடிவுகட்டினார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. வீட்டில் நாள்தோறும் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அதே வட்டம் தெரியும். தட்டை யாரும் விளக்கை மையமாக வைத்துத் தேய்ப்பதில்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டிப் பள்ளம். அதன் சரிவில் பட்ட ஒளி, கீறலுக்குக் குறுக்கான திசையில்தான் சிதறும். அதனால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளைவாக அமைந்த கீறல்களின் ஒளி மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது, மற்றவை ஒளிந்துகொள்கின்றன. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. அடியிலிருந்து வரும் வெள்ளை ஒளி அவற்றை மூழ்கடித்து விடுகிறது. கறுப்பில் மறைக்க எதுவும் இல்லை.

கீறல் எதில் விழுந்தது என்று கேட்டால், நிறத்தில் இல்லை. காரின் தகட்டின் மேல் துருத் தடுப்பு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்று வரிசையாகப் பூச்சுகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான், நம் தலைமுடியை விட மெல்லிசு. நிறமில்லாத, கெட்டியான ஒரு பிளாஸ்டிக் படலம் அது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருளும் அதற்குள்தான் கலந்திருக்கிறது. கார் மின்னுவதும், நிறம் வெளுக்காமல் இருப்பதும் இந்தப் படலத்தின் தயவில்.

இதன் மேல் எதைத் தேய்க்கிறோம் என்பதுதான் கேள்வி. நைலான் பிரஷ்ஷோ துணியோ தனியாக இந்தப் பிளாஸ்டிக்கைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. செய்வது மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. சன்னல் கண்ணாடிக்கு 5.5 தான். கண்ணாடியையே கீறுகிற பொருளுக்குப் பிளாஸ்டிக் எந்த மூலை?

அதிலும் நம் சீமையின் மணல் கொஞ்சம் விசேஷம். குட்டம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியின் சிவப்பு, குவார்ட்ஸ் மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூசிக்கொண்டதால் வந்த நிறம். இந்தக் கரையோர மணலில் இல்மனைட் என்ற கறுப்புக் கனிமமும் கார்னெட் என்ற சிவப்புக் கனிமமும் கலந்து கிடக்கின்றன. உவரிக் கடற்கரையில் அலை வடிந்த பிறகு கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகத் தெரிவது அவைதான். கார்னெட்டை உப்புத்தாள் செய்யவும், உயர் அழுத்தத் தண்ணீரோடு கலந்து இரும்பு அறுக்கவும் பயன்படுத்துகிறார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று நெருக்கிக்கொண்டு பாயும். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்தக் காற்று தூக்கி வந்த மணலைத்தான் அத்தான் காரில் சுமந்து வந்திருந்தார்.

இனி மெஷினுக்குள் நடப்பதைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் அடித்து, நுரை தெளித்து, உடனே உருளை இறங்கிவிடுகிறது. மணல் ஊறிக் கழன்று ஓட நேரமில்லை. உருளை மணலைத் தள்ளிக்கொண்டு பானெட் முழுக்க இழுக்கிறது. போதாததற்கு நமக்கு முன்னால் வந்த வண்டி, அது வயக்காட்டுக்குள் இறங்கி வந்த ஜீப்பாகக்கூட இருக்கலாம், அதன் மண்ணும் பிரஷ்ஷின் இழைகளில் சிக்கிக்கொண்டு காத்திருக்கிறது. தளர்வாக உருளும் மணல் சில இடங்களில்தான் கீறும். இழையில் மாட்டிக்கொண்டு உருள முடியாமல் நிற்கும் மணலோ உப்புத்தாளாகவே மாறிவிடும். புது மெஷின்களில் நைலானுக்குப் பதில் மெத்தென்ற துணியும் ஃபோமும் வந்துவிட்டன, கீறல் குறையும் என்பது உண்மை. ஆனால் அவற்றிலும் மண் சிக்காமல் இருக்க, கடைக்காரர் பிரஷ்ஷை அலசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1914-இல் வரிசையில் நிறுத்திக் கார் கழுவும் தொழில் தொடங்கியபோது, காரைத் தள்ளியதும் தேய்த்ததும் ஆட்கள்தான். கைக்கு ஒரு வசதி உண்டு. துணிக்கடியில் நறநறவென்று ஒன்று தட்டுப்பட்டால் நின்றுவிடும். உருளைக்கு அந்த நறநறப்பு தெரியாது.

சரி, பிரஷ்ஷே வேண்டாம், வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினுக்குப் போகலாமா? கீறல் விழாது. ஆனால் காய்ந்த பிறகு விரலால் தொட்டால் சாம்பல் மாதிரி ஒரு படலம் ஒட்டும். ஏன் என்பதற்கு வீட்டு மின்விசிறியைப் பார்த்தால் போதும். அவ்வளவு வேகமாகச் சுற்றும் இறக்கையில் எப்படித் தூசி படிகிறது? காற்றோ தண்ணீரோ, ஒரு பரப்பின் மேல் ஓடும்போது பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு அசையாமல் நிற்கும். விலக விலகத்தான் வேகம் கூடும். பெரிய மணல் அந்த அடுக்கைத் தாண்டித் தலை நீட்டுவதால் அடித்துக்கொண்டு போய்விடும். நுண்ணிய தூசி அடுக்குக்குள் பதுங்கிக்கொள்ளும். அதைக் கழற்றத் துணி படவேண்டும், இல்லாவிட்டால் காரமான ரசாயனம் வேண்டும். தொடாமல் கழுவும் மெஷின்கள் இரண்டாவது வழியை எடுத்துக்கொள்கின்றன. அந்தக் காரம் அழுக்கோடு சேர்த்து மேலே பூசிய மெழுகையும் கழற்றிவிடும். அலுமினியப் பட்டைகள் மங்குவதும் இதனால்தான்.

அப்புறம் தண்ணீர். பெரிய வாஷ் நிலையங்கள் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்து, வடிகட்டித் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் வடிகட்டினால் மண் போகுமே தவிர, கரைந்த உப்பு போகாது. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் இல்லையென்றால் காரில் வெள்ளைப் புள்ளிகள் நிச்சயம்.

இந்த விஷயத்தில் வீட்டில் கழுவுகிறவர்களும் தப்பிக்க முடியாது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். (அல்வா ருசிக்கும் அந்தத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.) ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் போர் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, தண்ணீர் ஆவியாகும்போது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அது சுண்ணாம்புக்கல் அல்லாமல் வேறில்லை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 2000 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் காரின் மேலேயே காய்ந்தால், 2 கிராம் உப்பை அதன் மேல் தூவிய கணக்கு. வெயிலில் கறுப்புத் தகடு கை வைக்க முடியாமல் சுடும்போது கழுவினால், நாம் துடைக்கத் துணி எடுப்பதற்குள் துளி காய்ந்துவிடும். தண்ணீர்த் துளி லென்ஸாகி வெயிலைக் குவித்துப் பெயிண்ட்டைச் சுட்டுவிடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. தகட்டில் ஒட்டிக்கொண்டு சப்பையாகக் கிடக்கும் துளியின் குவியம் பெயிண்ட்டைத் தாண்டி வெகு கீழே விழும், ஆகவே அது சுடாது. குற்றவாளி உப்புதான். புதுப் புள்ளி என்றால் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து அலசினால் போகும். புளி போட்டுப் பித்தளை விளக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மெஷினைக் குறை சொல்லியாயிற்று. ஆனால் என் கணக்கில், நம் தெருக்களில் கார்களுக்கு அதிகக் கேடு செய்வது மெஷின் அல்ல. காலையில் ஈரமில்லாத பழைய பனியனை எடுத்து, புழுதியோடு வண்டியைத் துடைக்கிறோமே, அந்தத் துடைப்புதான். அதில் தண்ணீரும் இல்லை, வழுக்கச் சோப்பும் இல்லை, பனியனின் தையல் விளிம்பு வேறு. நான் பல வருடம் செய்த காரியம் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

அதனால் அத்தானுக்கு நான் சொன்ன முறையில் முக்கால்வாசி வேலை துணி படுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு மணலை ஓட விடுவது. பிறகு காருக்கென்று விற்கும் ஷாம்பூ. துணி துவைக்கிற கட்டிச் சோப்பு போர் தண்ணீரோடு சேர்ந்தால் கால்சியம் பிசுக்காகத் திரிந்துவிடும், நுரையும் வராது. தண்ணீரைத் துளியாகத் திரட்டி வைக்கும் பரப்பு இழுவிசையை ஷாம்பூ பாதி அளவுக்கும் கீழே இறக்கி, மணலுக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே நுழைந்து வழுக்க வைக்கும். துணியோ, மைக்ரோஃபைபர். அதன் பிளவுபட்ட நுண் இழைகள் மண்ணைத் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். அலசும் வாளியில் நடப்பது 1851-இல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் எழுதிவைத்த விதி. துகள் அடியில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு சாண் ஆழத்தை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள தூசிக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். கீறுகிற பெரியது சீக்கிரம் அடியில் உட்கார்ந்துவிடுகிறது, நாம் துணியை வாளியின் அடிவரை கொண்டுபோய்க் கலக்காத வரை.

மெஷினுக்கு ஒரு நியாயம் சொல்லியே ஆகவேண்டும். அதன் அழுக்குத் தண்ணீர், ஒழுங்காக நடத்துகிற இடமாக இருந்தால், எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் போகிறது. நம் வாசலில் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாகப் பாளையங்கால்வாய்க்கோ கோடகன் கால்வாய்க்கோ போய் வயலில் இறங்கலாம். ஓஸைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தால் எத்தனை குடம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வாளி என்றால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். வண்டியை நேரே ஆற்றுக்குள் இறக்கிக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆற்றைத்தான் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள்.

அத்தான் காருக்குப் பட்டறையில் பாலிஷ் போட்டார்கள். பாலிஷ் என்றால் கீறலை நிரப்புவது என்று நினைத்திருந்தார். கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சில மைக்ரான் தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. "அப்போ எத்தனை தடவை போடலாம்?" என்றார். 40 மைக்ரானில் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது வேலை முடிந்து, துவட்டிய கார் நிழலில் நின்றது. அலசிய வாளியை மெல்லச் சாய்த்துக் காட்டினார். அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்குச் செக்கச் செவேலென்று மணல், நடுவே கறுப்புப் பொட்டுகள். "திசையன்விளை இங்கன கெடக்கு பாருடே" என்றார். அதைத் தூக்கி ரோஜாத் தொட்டியில் கொட்டப் போனார். சோப்புத் தண்ணியை அதில் ஊத்தாதீங்க என்று உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள்.